அப்பா முகத்தில் இருந்த புள்ளிகள்

போன வாரம் கோவில்பட்டியில் இருந்து தங்கச்சி போன் செய்தாள். தை மாசம் அவள் பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் அப்பா படம் ஒன்று பெரிதாக வைக்க வேண்டுமாம்.

"அண்ணே, அந்த மெழுகுவத்தி போட்டோ இருக்குல்லா, அதப் பெருசு பண்ணித் தா. முகத்த மட்டும் இன்னும் கொஞ்சம் க்ளீன் பண்ணிரு."

அவளுக்கு அது ஒரு வரி. எனக்கு நாலு ராத்திரி போனது. ஆடிட் சமயத்தில்கூட அவ்வளவு நேரம் கண் விழித்ததில்லை என்று வீட்டம்மா சொல்லிக் காட்டினார். நம் வீடுகள் எல்லாவற்றிலும் இப்படி இருட்டில் எடுத்த, புள்ளி புள்ளியாக இருக்கிற, ஆனால் தூக்கிப் போட மனசு வராத படங்கள் நாலைந்தாவது இருக்கும். அதனால் அந்த நாலு ராத்திரியில் என்ன செய்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தப் படத்தின் கதை.

2008 மே மாதம். அப்போது நான் நாக்பூர் கிளையில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் பேரனைப் பார்க்க வந்திருந்தார்கள். நாக்பூர் வெயில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தெரியாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. அதோடு மகாராஷ்டிராவில் லோட் ஷெடிங் காலம் வேறு. இன்வெர்ட்டர் வாங்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வருஷம் (யோசித்து முடிப்பதற்குள் டிரான்ஸ்பர் வந்துவிட்டது). ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போனது. ஸ்டூல் மேல் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அதன் மேல் மெழுகுவத்தியை ஒட்டி வைத்துவிட்டு எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். பொழுது போகவில்லை. அரியர்ஸ் பணத்தில் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமரா கையில் இருந்தது.

அப்பாவைப் படம் எடுப்பது லேசான காரியம் இல்லை. ஏழு வயதில் அவருக்குப் பெரியம்மை வார்த்திருக்கிறது. 1950 வாக்கில். பிழைத்தார், ஆனால் முகம் முழுக்கத் தழும்பு. இன்றைக்கு முப்பது நாற்பது வயதில் இருக்கிறவர்கள் அந்த மாதிரி முகத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். 1980-ல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டது. எங்கள் தெருவில் மட்டுமே அப்பா வயதில் நாலு பேருக்கு அப்படி முகம் இருந்தது. அது ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் அப்பாவுக்கு அது மனசில் ஒரு முள். கல்யாண வீடுகளில் கேமராக்காரர் வந்தால், பந்தி பார்க்கப் போகிற மாதிரி நழுவிவிடுவார்.

அவர் சம்மதித்து எடுத்துக்கொண்டதெல்லாம் ஸ்டுடியோ படங்கள்தான். 1973-ல் கல்யாணத்துக்கு எடுத்தது ஒன்று. அதில் முகம் மொழுமொழு என்று இருக்கும். டச்சிங் செய்தது. அந்தக் காலத்தில் அது ஒரு தனித் தொழில். நெகட்டிவைப் பின்னால் வெளிச்சம் வருகிற மாதிரி சாய்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு வைப்பார்கள். தழும்புக் குழியின் நிழல் படத்தில் கறுப்பாக விழும். அதனால் நெகட்டிவில் அந்த இடம் வெளிறிக் கிடக்கும். அதைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் பிரிண்டில் கறுப்பு போய்விடும். அந்த டச்சிங்காரர் அப்பாவிடம் சொன்னதாக அப்பாவே ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொன்னார்: "எல்லாத்தையும் எடுத்துட்டா ஆளு மாறிரும்ணே, ரெண்ட விட்டு வைக்கேன்."

2001-ல் தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்கு வேலையில் இருந்து ஓய்வு பெற்றபோது அதே கடையில் இன்னொரு படம். அதற்குள் பென்சில் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. இந்தத் தடவை ஒன்றைக்கூட விட்டு வைக்கவில்லை.

அந்த ராத்திரி நாக்பூரில் நான் கேமராவைத் தூக்கியதும் அப்பா நகரவில்லை.

"இந்த இருட்டுல என்னடா விழப் போவுது. எடுத்துக்கோ" என்றார்.

ஸ்டுடியோவில் உட்காருகிற மாதிரியே நிமிர்ந்து, கை இரண்டையும் முட்டியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மெழுகுவத்தி. எதிரில் நாற்காலி முதுகில் கேமராவை ஊன்றிக்கொண்டு நான். பிளாஷ் போடவில்லை. பாட்டரி இறங்கி இருந்தது, அவ்வளவுதான் காரணம்; கலைக்கண் எல்லாம் இல்லை. ஐந்து படம் எடுத்தேன். ஐந்தாவதில் "முடிஞ்சுதா?" என்று வாயைத் திறந்துவிட்டார்.

2010-ல் அப்பா போய்விட்டார்.

பதினாறாம் நாளுக்குப் படம் வேண்டும். ஸ்டுடியோ படம் விறைப்பாக இருக்கிறது, இதில்தான் அப்பா வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் முகமெல்லாம் மணல் அள்ளி இறைத்த மாதிரி இருந்தது. சிவப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக வேறு.

இந்த மணலைத்தான் கேமராக்காரர்கள் நாய்ஸ், இரைச்சல் என்கிறார்கள். கண்ணால் பார்க்கிற விஷயத்துக்குக் காதால் கேட்கிற பெயர். ஆனால் பொருத்தமான பெயர்தான். சின்ன வயதில் மீடியம் வேவில் இலங்கை வானொலி கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். ஸ்டேஷன் பலமாக இருந்தால் பாட்டு மட்டும் கேட்கும். சில ராத்திரி சிக்னல் தேய்ந்துவிடும். வால்யூமைத் திருகினால் பாட்டும் கூடும், கொர்ர் என்ற சத்தமும் கூடும். கேமராவில் ஐஎஸ்ஓ என்பது பெரும்பாலும் இந்த வால்யூம் குமிழ்தான். ஐஎஸ்ஓ 1600 வைத்தால் கேமராவுக்குள் வெளிச்சம் கூடுதலாக வருவதில்லை. வந்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது.

சரி, அந்தக் கொர்ர் எங்கிருந்து வருகிறது? கேமரா எலக்ட்ரானிக்ஸில் இருந்து கொஞ்சம் வருகிறது. ஆனால் பெரும்பங்கு வெளிச்சத்திலேயே இருக்கிறது. இது பி.காம். ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் நான் தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்த பாடம். ஒரு பெரிய கிளைக்குத் தினம் சராசரி 400 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். ஒரு நாள் 385, ஒரு நாள் 418 என்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் சுமாராக 400-க்கு வர்க்கமூலம், அதாவது 20. நூற்றுக்கு ஐந்துதான், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு குக்கிராமக் கவுண்டருக்குச் சராசரி 9 பேர் வருகிறார்கள் என்றால் ஏற்ற இறக்கம் 3. ஒரு நாள் 6, ஒரு நாள் 12. மூன்றில் ஒரு பங்கு ஆட்டம். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் மேல் குற்றம் இல்லை. எண்ணிக்கை குறைந்தால் ஆட்டம் தெரியத்தான் செய்யும்.

வெளிச்சமும் துளித் துளியாக, ஒழுங்கில்லாமல்தான் வந்து விழுகிறது. வெயிலில் ஒரு பிக்ஸலுக்கு ஆயிரக்கணக்கில் விழும். மெழுகுவத்தியில் விரல் விட்டு எண்ணலாம். பக்கத்துப் பக்கத்துப் பிக்ஸல், ஒரே கன்னம், ஒரே வெளிச்சம். ஆனால் ஒன்றில் 6 விழுந்தது, அடுத்ததில் 12. அதைப் பெருக்கினால் மணல்.

என் கேமராவின் சென்சார் 1/2.5 அங்குல வகை. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அளந்தால் சுமார் 5.8-க்கு 4.3 மில்லிமீட்டர். சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. 35 எம்எம் பிலிம் கட்டத்தின் பரப்பில் கிட்டத்தட்ட முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதற்குள் 70 லட்சம் பிக்ஸலை அடைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெளிச்சம்தான் கிடைக்கும்?

ஊதாத் திட்டுக்குக் காரணம் வேறு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் அதிகம், நீலம் மிகக் குறைவு. கேமரா நிறத்தைச் சரிக்கட்டுவதற்காக நீலத்தை மட்டும் இன்னும் அதிகமாகப் பெருக்கும். ஏற்கெனவே ஒன்பது பேர் வருகிற கவுண்டர், அதில் வந்த கணக்கைப் பல மடங்காக்கினால் என்ன ஆகும்? அதுதான் அப்பாவின் வெள்ளைப் பனியனில் இருந்தது.

2010-க்கு வருகிறேன். அப்போது பேர் பெற்றிருந்த ஒரு மென்பொருளை டிரையலில் இறக்கினேன். அந்த வகை மென்பொருள் வேலை செய்கிற விதம் கெட்டிக்காரத்தனமானது. படத்தில் எந்த விவரமும் இல்லாத, வெறும் ஒரே நிறமான இடம் ஒன்றைக் காட்டச் சொல்லும். அப்பாவுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினேன். வெறும் சுவரில் தெரிகிற புள்ளி எல்லாம் இரைச்சல்தான் என்று எடுத்துக்கொண்டு, அதன் அளவு, பலம், நிறம் எல்லாவற்றையும் படித்துக்கொள்ளும். பிறகு அதே அச்சில் இருக்கிற புள்ளிகளைப் படம் முழுக்கத் தேடி, அக்கம் பக்கத்தோடு கரைத்துவிடும்.

குமிழை எண்பது வரைக்கும் தள்ளினேன். மணல் போயே போச்சு. பளிங்கு மாதிரி ஆனது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "பேங்குல இருந்துக்கிட்டு இதெல்லாம் வேற தெரியுமா ஒனக்கு" என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. யாரோ மாதிரி இருக்குய்யா."

துக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது, மாலையை மாற்றுவதற்காகப் படத்தைக் கீழே இறக்கினேன். அப்போதுதான் தெரிந்தது. தழும்பு ஒன்றுகூட இல்லை. அந்தக் கன்னத்தில் முப்பது வருஷம் முத்தம் கொடுத்தவன், உரசினவன், அது காணாமல் போனதைக் கவனிக்கவில்லை. அம்மா கவனித்திருக்கிறார்.

மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. படத்தில் அப்பா முகம் ஐந்நூறு பிக்ஸல் அகலம் இருக்கும். ஒரு தழும்புக் குழி எட்டுப் பத்துப் பிக்ஸல். அந்தக் கேமரா ஜேபெக்காக மட்டுமே படத்தைச் சேமிக்கும். அப்படிச் சேமிக்கும் முன்னால் அதுவே ஒரு தடவை இரைச்சலைத் துடைத்துவிட்டுத்தான் அமுக்கும். மிச்ச மணல் ஒன்றோடொன்று ஒட்டி, குருணையாகத் திரண்டுவிடும். அந்தக் குருணையும் கிட்டத்தட்ட எட்டுப் பத்துப் பிக்ஸல்தான். சுவரைப் பார்த்துப் பாடம் படித்தவனுக்குக் குழி எது, குருணை எது என்று எப்படித் தெரியும்? அவனுக்கு அப்பாவைத் தெரியாதே.

இப்போது இந்தக் கல்யாணம். முதல் ராத்திரி, காலம் மாறிவிட்டதே என்று இன்றைய ஏஐ மென்பொருள் ஒன்றில் அதே படத்தைக் கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வந்ததைப் பார்த்து அசந்துவிட்டேன். கண் இமை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. தோலில் நுண்துளை தெரிந்தது. நரைத்த மீசை கோடு கோடாகத் தெரிந்தது.

பிறகு மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இமை இருக்கிற இடத்தில் மூலப் படத்தில் ஒரு கறுப்பு இழுப்பு மட்டும்தான் இருக்கிறது. முடி எங்கிருந்து வந்தது? இந்த மென்பொருட்களுக்கு ஏராளமான படங்களில் சுத்தமானதையும் இரைச்சலானதையும் ஜோடி ஜோடியாகக் காட்டிப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். இரைச்சலான படத்தைக் கண்டால், இதற்கு அடியில் வழக்கமாக என்ன இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. அறுபது வயது ஆண் முகத்தில் வழக்கமாக என்ன இருக்குமோ அது அப்பா முகத்தில் இருந்தது. பார்க்க லட்சணமான பெரியவர், இன்ஷ்யூரன்ஸ் விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி. பழைய மென்பொருள் இருந்ததை அழித்தது. இது இல்லாததைச் சேர்த்தது. எங்கள் பாஷையில் சொன்னால் வவுச்சர் இல்லாத என்ட்ரி. புக் அழகாக டேலி ஆகும், ஆனால் கையெழுத்துப் போட மனசு வராது.

குருவி, பூ, கட்டடம் என்றால் நானும் இதைத்தான் உபயோகிப்பேன், அதில் ஒரு தப்பும் இல்லை. பையனின் பள்ளி ஆண்டு விழாப் படங்களை எல்லாம் அப்படித்தான் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். செத்துப்போனவர் முகம் வேறு. சரிபார்க்க ஆள் கிடையாது.

இரண்டாம் ராத்திரி பழைய டிவிடிகளைத் தோண்டினேன். ஏழு டிரான்ஸ்பரில் ஏழு தடவை அட்டைப் பெட்டி மாறியவை. "நாக்பூர் மே 08" என்று என் கையெழுத்தில் ஒன்று. லேப்டாப்பில் டிரைவே கிடையாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெங்காலிக்காரரிடம் வெளி டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன். முக்கி முனகி, கடைசியில் திறந்தது. ஐந்து படமும் இருந்தன.

அப்பா அசையாமல் உட்கார்ந்த நாலு படம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறும். முதல் படத்தில் இடது கன்னத்தில் வெளிச்சமாக விழுந்த பிக்ஸல், இரண்டாவதில் கறுப்பாக இருக்கும், மூன்றாவதில் சும்மா இருக்கும். அது சீட்டுக் குலுக்குகிற மாதிரி. ஆனால் தழும்பு இடம் மாறாது. நாலு படத்திலும் அதே இடத்தில் இருக்கும். நாலையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால், மாறுகிறதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேயும், மாறாதது நிற்கும். இங்கே ஊகம் எதுவும் கிடையாது. நாலு வவுச்சரை ஒப்பிட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான். இன்றைய போன்களில் ராத்திரிப் படம் நன்றாக வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2018-ல் கூகுள் பிக்ஸலில் வந்த நைட் சைட், 2019-ல் ஐபோன் 11-ல் வந்த நைட் மோட் எல்லாம் பட்டனை ஒரு தடவை அழுத்தினால் பல படங்களை எடுத்து அடுக்கி ஒன்றாக்குகிறவைதான்.

கணக்கு இதிலும் வர்க்கமூலம்தான். நாலு படம் அடுக்கினால் இரைச்சல் பாதி. ஒன்பது அடுக்கினால் மூன்றில் ஒன்று. பத்தில் ஒன்றாக்க நூறு படம் வேண்டும். நாலுக்கு மேல் என்னிடம் இல்லை. பாதிதான் என் விதி.

செய்ய விரும்புகிறவர்களுக்கு: கிம்ப் இலவசம், அதுவே போதும். நாலையும் லேயர்களாகத் திறந்துகொள்ளுங்கள். அடியில் இருப்பதற்கு ஒபாசிட்டி 100, அதற்கு மேல் உள்ளதற்கு 50, அதற்கு மேல் 33, எல்லாவற்றுக்கும் மேல் 25. எல்லாவற்றையும் 25 வைத்துவிடக் கூடாது, நான் முதலில் அந்தத் தப்பைத்தான் செய்தேன். இரண்டாவது லேயர் பாதி மறைத்தால்தான் இரண்டுக்கும் சம பங்கு. மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு மறைத்தால்தான் மூன்றுக்கும் சம பங்கு. பார்ட்னர்ஷிப் அக்கவுண்டில் புது பார்ட்னர் சேருகிற கணக்கு.

அடுக்குவதற்கு முன்னால் இரண்டு வேலை. மெழுகுவத்தி ஆடியதால் நாலு படத்திலும் வெளிச்சம் ஒரே அளவாக இல்லை, அதை லெவல்ஸில் சமப்படுத்தினேன். அடுத்தது இடம் பொருத்துவது. நாற்காலி முதுகில் ஊன்றி இருந்தாலும் கை கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஹூகின் என்ற இலவச மென்பொருளோடு வருகிற ஒரு கருவி இதைத் தானாகச் செய்யும். எனக்கு அதன் மேல் முழு நம்பிக்கை வராமல், மூக்கு நுனியையும் பனியன் விளிம்பையும் வைத்துக் கையாலும் சரிபார்த்தேன். மூன்றாம் ராத்திரி அதிலேயே போனது. 1/6 விநாடி, நாலு தடவை, இடையில் நான் "இன்னொண்ணுப்பா, இன்னொண்ணுப்பா" என்று சொல்லச் சொல்ல அந்த மனுஷன் தலையை ஒரு நூல்கூட அசைக்கவில்லை. ஸ்டுடியோவில் பழகிய பழக்கம்.

நிறத்திட்டுக்கு மட்டும் மென்பொருளின் உதவியைத் தயங்காமல் எடுத்துக்கொண்டேன். நிற இரைச்சலை எவ்வளவு கரைத்தாலும் கண்ணுக்குப் பெரிய நஷ்டம் தெரியாது. உருவத்தை நாம் பார்ப்பது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தால்தான். அதனால் நிறத்துக்கான குமிழை நன்றாகத் தள்ளினேன், வெளிச்சத்துக்கான குமிழைச் சுழியத்திலேயே விட்டேன். சென்சாரில் பழுதான இரண்டு மூன்று பிக்ஸல்கள் எல்லாப் படத்திலும் வெள்ளையாக இருந்தன, அவை சராசரியில் போகாது. அவற்றைக் கையால் எடுத்தேன்.

நாலாம் ராத்திரி ஒரு மணிக்கு லேயர்களைச் சேர்த்து, நூறு சதவீதத்தில் திறந்து பார்த்தேன்.

மணல் முழுக்கப் போகவில்லை. ஆனால் அடங்கி இருந்தது. அதற்கடியில் இருந்து தழும்புகள் ஒவ்வொன்றாக வந்திருந்தன. பக்கவாட்டு வெளிச்சம் ஆனதால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் மினுக்கு. இடது கன்னத்தில் கொத்தாக ஏழெட்டு. நெற்றியில் மூன்று. மூக்குப் பக்கத்தில் நீளமாக ஒன்று. பதினைந்து வருஷம் கழித்து அப்பாவைப் பார்த்தேன்.

பார்த்த சந்தோஷம் பத்து நிமிஷம்தான் இருந்தது. இருட்டில் ஒன்றும் விழாது என்று நம்பித்தான் அவர் உட்கார்ந்தார். அந்த நம்பிக்கையில்தான் முகம் அப்படித் தளர்ந்து, வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது. எதை மறைக்க அவர் வாழ்க்கை பூரா நழுவினாரோ, அதை நாலு ராத்திரி கண் விழித்துத் தோண்டி எடுத்து, ஐந்நூறு பேர் வருகிற மண்டபத்தில் மூணடிக்கு வைக்கப் போகிறேனா?

மறுநாள் தங்கச்சிக்கு அனுப்பினேன். (வாட்ஸாப்பில் படமாக அனுப்பாதீர்கள், அமுக்கிவிடும். டாகுமெண்ட்டாக அனுப்புங்கள்.) உடனே போன்.

"அண்ணே, க்ளீன் பண்ணச் சொன்னா இப்படிப் பண்ணி வச்சிருக்க? அப்பா பாத்தா சும்மா இருப்பாகளா?"

"அப்பா முகம் அதுதானே?"

"அது நமக்குத் தெரியும். அவுக காட்டிக்கிடணும்னு நெனச்சாகளா? காசு குடுத்து டச்சிங் பண்ணுன மனுஷன்."

பதில் இல்லை என்னிடம். அவள் சொல்வது சரிதான். டச்சிங்காரர் அப்பாவைக் கேட்டுச் செய்தார். மென்பொருள் கேட்காமல் செய்தது. நானும் கேட்காமல்தான் செய்திருக்கிறேன், எதிர்ப்பக்கமாக.

பின்னால் இருந்து கல்யாணப் பெண் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "மாமா, தாத்தாவுக்கு என்ன, பிம்பிளா?" தாத்தா போனபோது அவளுக்கு எட்டு வயசு. சுவரில் நான் மாட்டிய பளிங்கு முகத்தைப் பார்த்து வளர்ந்தவள். நான் போனிலேயே பெரியம்மை கதையைச் சொன்னேன். கல்யாண வேலைக்கு நடுவில் பத்து நிமிஷம் கேட்டாள்.

அம்மாவிடம் போனைக் கொடுத்தார்கள். வீடியோவில் அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது, வழக்கம் போல. தங்கச்சியின் டேப்லெட்டில் படத்தைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். பேச்சே இல்லை. பேத்தி சொல்லிக் கொடுத்தபடி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

"ஏய்யா, மூக்குகிட்ட இருக்குல்லா நீளமா, அது அம்மை இல்ல" என்றார். "கல்யாணம் ஆன புதுசுல சைக்கிள்ல என்ன ஏத்திக்கிட்டுப் போயி, எட்டயபுரம் ரோட்டுல விழுந்தது. எனக்கு ஒண்ணும் ஆகல."

இது எனக்குத் தெரியாது. தங்கச்சிக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே சொன்னார். "மண்டபத்துல அந்த ரிட்டையர்மெண்ட் போட்டோவ வைங்க. அவுகளுக்கு அதான் பிடிக்கும், அதப் பாத்துத்தான் மீசைய சரி பண்ணுவாக. இத எனக்குப் போட்டுக் குடு. பெருசா வேண்டாம். சாமி ரூம்ல வைக்க மாட்டேன், நான் படுக்கிற எடத்துல வைப்பேன்."

"அப்ப சுவத்துல இருக்கிறத?"

"அது இருந்துட்டுப் போவுது. எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லுதாங்கல்லா."

8-க்கு 12 அளவில், மேட் பேப்பரில் போடக் கொடுத்திருக்கிறேன். கடைப் பையன் ஸ்க்ரீனில் பார்த்துவிட்டு, "ஸார், ஃபேஸ் ஸ்மூத் கர் தூன்? ஃப்ரீ ஹை" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் பட்டனை அழுத்தும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.